ஆறாவது வளையம்

1

இந்தக் கதையை எழுத வேண்டாம் என்று சொன்ன ஆள் உலகநாதன். நேற்று சாயங்காலம் மெட்டுகுடாவில் என் வீட்டுக்கு வந்தான். எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "அண்ணாச்சி, நீங்க தமிழ்ச் சங்க மலர்ல என்னத்தையாவது எழுதுவீயன்னு கேள்விப்பட்டேன். இத மட்டும் எழுதிராதீய" என்றான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதுதான் பதில். எழுதாதே என்றவனிடமிருந்து வந்தது.

நான் எட்டாவது வரை படித்தவன். முப்பத்தெட்டு வருஷம் ஃபிட்டர். கதை எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை, என்னையும் சேர்த்துத்தான். அவர்கள் கையில் ஒரு ஆள் மாட்டினால் அவனை நல்லவனாக்காமல் விடமாட்டார்கள். ஃபிட்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எது தேய்ந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பான்.

விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாளை, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பக்கத்துத் தொழிற்பேட்டை நாச்சாரத்தில் ஒரு சத்துமாவு ஃபேக்டரியில் விசாரணை. ஜலஜா என்கிற பெண்ணுக்கு வேலை இருக்குமா, போகுமா என்று அதில் முடிவாகும். தப்பு அவளுடையது இல்லை. அது உலகநாதனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

2

முதல் வாக்கியம் மூன்று தடவை எழுதினேன்.

"ரோட்டரி ஃபீடர் என்பது யாதெனில்..." (பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி இருக்கிறது. வேண்டாம்.)

"நாச்சாரத்தில் அன்று மழை தூறிக்கொண்டிருந்தது." (தூறவில்லை. மூன்று வாரமாக ஒரு பொட்டு இல்லை. மழையில் ஆரம்பித்தால் கதை மாதிரி இருக்கும் என்று புத்தி போயிற்று.)

"சல்லடையில் ஒரு வெள்ளை நூல் கிடந்தது."

இது இருக்கட்டும். இது நடந்தது.

ஆனால் நூல் எப்படி வந்தது என்று புரிய, அந்த யந்திரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். உயரமான தொட்டியில் மாவு இருக்கிறது. தொட்டிக்கு அடியில் ஒரு இரும்பு டப்பா, அதற்குள் இறக்கை வைத்த சக்கரம். மெதுவாகச் சுற்றும். ஒவ்வொரு இறக்கையும் ஒரு அள்ளு மாவைக் கீழே ஓடுகிற காற்றுக்குழாயில் தள்ளும். குழாய் அதைச் சல்லடைக்குக் கொண்டுபோகும். இதுதான் ஃபீடர்.

சக்கரத்தின் தண்டு டப்பாவைத் தாண்டி வெளியே வர வேண்டும், வந்தால்தான் மோட்டாரில் மாட்டலாம். தண்டு வருகிற வழியாக மாவும் வரப் பார்க்கும். தண்ணீர் ஒழுகினால் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். மாவு அப்படி இல்லை. புகை மாதிரி வரும், பேரிங்கில் போய் உட்காரும், யந்திரத்தைக் கொன்ற பிறகுதான் நமக்குத் தெரியும். அந்த வழியை அடைக்கிற வேலைதான் சீல்.

அந்த ஃபீடரில் சீல் என்பது வெள்ளை டெஃப்லான் கயிறு. தண்டைச் சுற்றி ஐந்து வளையம்.* உள்ளே இரண்டு, அதன்மேல் ஓட்டை போட்ட ஸ்டீல் வளையம் ஒன்று, அதன்மேல் மூன்று. கடைசியில் ஒரு மூடி, இரண்டு நட்டு. ஸ்டீல் வளையத்துக்கு நேராக வெளியிலிருந்து காற்று வரும் துளை இருக்கும். மாவு வெளியே வர நினைத்தால் அந்தக் காற்று திருப்பி உள்ளே தள்ளிவிடும்.

கயிறு மாற்றும்போது பழைய வளையம் ஒன்றுகூட அடியில் தங்கக் கூடாது. தங்கினால் மேலே இருக்கிற எல்லாம் ஒரு விரற்கடை வெளியே தள்ளிப்போகும். ஸ்டீல் வளையம் துளையை விட்டு விலகிவிடும். காற்று முட்டி நிற்கும். மாவு கயிற்றுக்குள் ஏறி அதை அரைக்கும். நாளாக ஆக, அடியில் கிடக்கிற பழசு நார் நாராகப் பிரிந்து மாவில் விழும்.

* கயிற்றைச் சாய்வாக வெட்டி வளையமாக்க வேண்டும். நேராக வெட்டினால் இணைகிற இடத்தில் வாய் பிளக்கும். இதை அடிக்குறிப்பில் போடச் சொன்னது என் வீட்டுக்காரி கனகவல்லி. "கதைக்குள்ள போட்டா யாரும் அடுத்த பக்கம் திருப்ப மாட்டாங்க" என்றாள். அவளே இந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

3

இனி உலகநாதன்.

உலகநாதன் தென்காசிப் பக்கம். ஐம்பத்திரண்டு வயது. நாச்சாரத்தில் நாலைந்து ஃபேக்டரிக்கு ஒப்பந்த ஃபிட்டர். அன்றைக்கு அவன் சல்லடைக்குப் பக்கத்தில்தான் நின்றான், ஃபீடர் மூடியின் நட்டைக் கால் சுற்று இறுக்கிக்கொண்டு. மாவு கசிந்தால் நட்டை இறுக்குவது அந்த ஃபேக்டரியில் போகிறவன் வருகிறவன் எல்லோருக்கும் பழக்கம். செக்யூரிட்டிகூட ஒரு தடவை இறுக்கியிருக்கிறான்.

தரம் பார்க்கிற அதிகாரி ஸ்ரீலேகா இடுக்கியில் எதையோ பிடித்துக்கொண்டு வந்தாள். கோயமுத்தூர்ப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம். மூட்டை பிரிக்கிற ஜலஜாவின் முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, இது என்னங்க?"

ஜலஜா மூட்டை வாயின் தையல் நூலை உருவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள், தாத்தா காலத்திலேயே வந்த குடும்பம். அவள் தமிழில் பாதி இந்த ஊர் இந்தி.

"நூலு."

"சல்லடையில இருந்துச்சுங்க. மூணு நாளா வருது. குழந்தைங்க சாப்பிடுற மாவுங்க இது."

"மேரேகு கைக்கு, எனக்கு எதுக்கு காட்டுறீங்க மேடம்? என் நூலு எல்லாம் டப்பால இருக்கு. வாங்க, எண்ணிக்கோங்க. இன்னிக்கி நூத்தி நாப்பது மூட்ட, நூத்தி நாப்பது நூலு. முழுசா உருவி டப்பால போடுவேன். பாதி அறுக்குறதெல்லாம் நக்கோ, என்கிட்ட கெடையாது."

"கணக்கு எழுதுறது நீங்கதானுங்களே."

"ஹவ், நான்தான். வேற யாரு எழுதுவா? உங்க அப்பாவ வரச்சொல்லுங்க, எண்ணட்டும்."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஸ்ரீலேகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஜலஜாவை அன்றைக்கே லைனிலிருந்து நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று உலகநாதன் சொன்னான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளை நூல் என்றால் மூட்டை, மூட்டை என்றால் ஜலஜா. யோசிக்க அதுதான் கிட்டத்து வழி. அந்தப் பெண் ஸ்ரீலேகாவும் கெட்டவள் இல்லை. மாவில் நூல் வந்தால் அவள் கேட்கத்தான் வேண்டும்.

உலகநாதன் நூலைப் பார்த்தான். இடுக்கியில் அது சுருளாமல் தொங்கியது. மூட்டை நூல் முறுக்கேற்றியது, விட்டால் சுருண்டுகொள்ளும். இது செத்த பல்லி வால் மாதிரி நின்றது.

(அவனுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது என்று எழுதினேன். அடித்துவிட்டேன். புரிந்ததா என்று அவன் சொல்லவில்லை. "நூலு சுருளலயேன்னு பாத்தேன் அண்ணாச்சி" என்றுதான் சொன்னான். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை.)

4

ஃபேக்டரிக்குள் தீப்பெட்டி கொண்டுபோக முடியாது. மாவுத்தூசி பற்றிக்கொள்ளும். அதனால் உலகநாதன் தரையில் விழுந்து கிடந்த ஒரு நாரையும், ஜலஜாவின் டப்பாவிலிருந்து ஒரு நூலையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கேட்டுக்கு வெளியே டீக்கடைக்குப் போனான். கடைக்காரரிடம் லைட்டர் வாங்கினான்.

மூட்டை நூல் பற்றியது. ஒரு மணி மாதிரி உருகி, கருகி, விரலைச் சுட்டது.

இன்னொன்று பற்றவில்லை. சுருங்கியது, அவ்வளவுதான். மறுபடி காட்டினான். மறுபடியும் சுருங்கியது.

"என்ன சாப், தாலியா சோதிக்கிறீங்க?" என்றார் கடைக்காரர்.

"தலையெழுத்த" என்றான் உலகநாதன். டீ வாங்கவில்லை.

அது கயிறுதான். அவன் ஆறு மாதம் முன்னால் போட்ட சீல். தான் போட்டது ஆறு மாதத்தில் நாராகப் பிரியாது என்றும் அவனுக்குத் தெரியும். அப்படியென்றால் அடியில் வேறு எதோ இருக்கிறது.

மாவுச் சல்லடையை நிறுத்திக் கழுவுகிற நாள் சனிக்கிழமை. வேறு ஒரு காரணம் சொல்லி, சீல் மூடியைத் தனியாகக் கழற்றினான். தான் போட்ட ஐந்தையும் கொக்கியால் இழுத்தான். எண்ணினான். ஐந்து. ஆறு மாதம் முன்னாலும் இப்படித்தான் ஐந்து எண்ணி நிறுத்தியிருந்தான். இந்தத் தடவை எண்ணிக்கையை விட்டுவிட்டு விரலை உள்ளே விட்டான்.

விரல் இரும்பில் முட்டவில்லை. மெத்தென்று எதிலோ முட்டியது.

ஆறாவது.

5

இங்கே எனக்கு உலகநாதன்மேல் சந்தேகம் வந்தது. கதையில் வருகிற உலகநாதன்மேல்.

ஒப்பந்த ஃபிட்டருக்கு கேட் பாஸ்தான் எல்லாம். ஒரு ஃபேக்டரியில் பாஸ் பிடுங்கினால் மறுநாள் நாலு ஃபேக்டரிக்கும் செய்தி போய்விடும். அவன் பெண் அஸ்வினிக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. இப்படி ஒருத்தன் போய், "நான் அடியில விரல் விட்டுப் பாக்காம விட்டுட்டேன், அந்தப் பொம்பளை ஒண்ணும் பண்ணல" என்று சொல்வானா? நானாக இருந்தால் நம்பமாட்டேன். கதையில் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

ஆனால் நேற்று என் வீட்டில் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு அவன் கேட்டது இதுதான்:

"அண்ணாச்சி, திங்கக்கெழம போயி சொல்லிரட்டா?"

"இன்னான்னு சொல்லுவ?"

"நான் பாக்காம உட்டுட்டேன்னு. அவ பாவம் அண்ணாச்சி. வாயி நீளம், ஆனா நூலு ஒண்ணும் தப்பலய. நான் எண்ணிப் பாத்தேன், நான் எடுத்த ஒண்ணையும் சேத்து நூத்தி நாப்பது."

"எப்ப எண்ணின?"

"அவ போன பொறவு. டப்பாவ தூர வீசப் போனாவ. எடுத்து எண்ணிட்டுக் குடுத்தேன்."

இதை நான் உண்டாக்கவில்லை. உண்டாக்கத் தெரியாது. ஆள் இல்லாத இடத்தில், குப்பைக்குப் போகிற நூலை ஒருத்தன் உட்கார்ந்து நூற்று நாற்பது எண்ணுவான் என்று எனக்குத் தோன்றியிருக்காது. ஆக, என் சந்தேகம்தான் தப்பு. அவன் சொல்லக்கூடிய ஆள்தான்.

நான் சொன்ன பதில்:

"அவசரப்படாத. பொறு. நான் யோசிச்சி சொல்றேன்."

6

முடிவுகள். இரண்டு வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு. திங்கட்கிழமை பத்து மணி. விசாரணை அறை. உலகநாதன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, ஆறாவது வளையத்தை மேஜைமேல் வைக்கிறான். ஸ்ரீலேகா எழுந்து நிற்கிறாள். ஜலஜா அவனைப் பார்த்து, "அண்ணா, நீங்களா?" என்கிறாள். அவன் தலை குனிந்து... (இதற்கு மேல் பேனா போகவில்லை. அவன் எதற்குத் தலை குனிய வேண்டும்?)

இரண்டாவது முடிவு. உலகநாதன் போகவில்லை. ஜலஜாவுக்கு வேலை போகிறது. புதுக் கயிறு போட்டதால் நூல் வருவது நிற்கிறது. "பாத்தீங்களா, ஆள மாத்தினதும் நின்னுடுச்சு" என்கிறார்கள். ஸ்ரீலேகா நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறாள். இது நடக்கக்கூடியது. நாச்சாரத்தில் இப்படி எத்தனையோ நடந்திருக்கிறது. எழுதி முடித்து ஒரு தடவை படித்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. துக்கமான முடிவு எப்போதும் படிக்க நன்றாக இருக்கும். அதைத்தான் நான் நம்புவதில்லை.

கனகவல்லி இரண்டையும் படித்தாள்.

"ரெண்டுலயும் நீ எங்க?" என்றாள்.

"நான் எழுதறவன்டி."

"உன்னக் கேக்க வந்தான் இல்ல, அந்த ஆளு? பொறுன்னு சொன்ன இல்ல? அப்புறம் நீ கதையில இல்லேன்னா எப்படி?"

சமையல் செய்யப் போய்விட்டாள்.

7

இதை நாலாவது பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். விரல் மெத்தென்று முட்டியது என்று எழுதினேனே, அங்கே. சொல்லாமல் தாண்டிவிட்டேன்.

உலகநாதன் அந்த ஆறாவது வளையத்தைச் செய்தித்தாளில் மடித்து எடுத்து வந்து என் மேஜைமேல் வைத்தான். பாதிக்குமேல் தேய்ந்து, மாவு ஏறிக் கல் மாதிரி இருந்தது. ஒரு பக்கம் தாடி மாதிரி நார் தொங்கியது. ஆனால் வெட்டிய இடம் அப்படியே இருந்தது. சாய்வு இடது பக்கம் பார்த்தது.

நான் இடது கைக்காரன். கயிற்றை இடது கையால் வெட்டினால் சாய்வு மறுபக்கம் விழும். நாச்சாரத்தில் வேறு இடது கை ஃபிட்டர் எவனையும் நான் பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் முன்னால், கடைசி கடைசியாக நான் பார்த்த வேலைகளில் அது ஒன்று. பழைய வளையங்களும் நான் போட்டவைதான். அடி வளையம் வரவில்லை. கொக்கி இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை முயன்றிருக்கலாம். கிழவனுக்குக் கை நடுங்குகிறது என்று பக்கத்தில் நிற்பவன் நினைப்பான் என்று தோன்றியது. அதன்மேலேயே புதுசு ஐந்தையும் திணித்து மூடினேன். மூடி பாதிதான் உள்ளே போயிற்று. காற்று மீட்டர் முள் ஆடாமல் நின்றது. வேலை செய்கிற சீலில் முள் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். பார்த்தேன். பார்க்காத மாதிரி ஸ்பேனரைத் துடைத்தேன்.

உலகநாதன் செய்த தப்பு, தனக்கு முன்னால் வேலை பார்த்தவன் ஒழுங்காகச் செய்திருப்பான் என்று நம்பியது. ஐந்து என்று எண்ணி நிறுத்தினான். ஆறு என்று ஆக்கியது நான்.

இதைச் சொன்னால் எனக்கு என்ன போகும்? எனக்கு கேட் பாஸ் இல்லை, பிடுங்க முடியாது. ஒன்றும் போகாது. ஒரு பேச்சு போகும். "அந்த ஆள் கை வெச்சா அஞ்சு வருஷம் தொறக்க வேணாம்" என்று சொல்வார்கள். பழைய வளையத்தை அடியில் விட்ட பையன்களை நான் பத்துப் பேர் முன்னால் வைத்துக் கேவலமாகத் திட்டியிருக்கிறேன். ஒருத்தன் அழுதுவிட்டு வேலையை விட்டே போனான். அவ்வளவுதான் போகும். சின்ன விஷயம். அந்தச் சின்ன விஷயத்துக்காக நேற்று அவனிடம் "பொறு" என்றேன்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. நான் வெட்டியதை உலகநாதன் இதற்கு முன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். சாய்வு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவனுக்குத் தெரியாதா? தெரியாமல் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தானா, தெரிந்துதான் வைத்தானா? "எழுதிராதீய" என்றானே, அது என்னைக் காப்பாற்றவா? அவனைக் கேட்கலாம். கேட்க எனக்கு முகம் இல்லை.

8

ஆக, என்னிடம் இருந்த இரண்டு முடிவும் செல்லாது. முதலாவதில் நான் செய்ததற்கு உலகநாதனைத் தலை குனிய வைத்துவிட்டேன். இரண்டாவதில் ஜலஜாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதைச் சோகம் என்று பெயர் வைத்துவிட்டேன். இரண்டிலும் நான் வசதியாக வெளியே நின்றேன்.

மூன்றாவது முடிவு ஒன்று இருக்கிறது. உங்களுக்கே தெரியும். பத்து மணி, அந்த அறை, ஒரு கிழவன் உள்ளே போகிறான்...

(இல்லை.)

எழுதமாட்டேன். காரணம் சொல்கிறேன். எனக்கு என்னைத் தெரியும். அதை இங்கே எழுதி முடித்தால் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவேன். சொல்லிவிட்ட மாதிரியே இருக்கும். ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும். காலையில் எழுந்தால், நேற்றே சொல்லியாகிவிட்டதே, இன்னும் என்ன என்று தோன்றும். காகிதத்தில் யோக்கியனாக இருப்பது அவ்வளவு சுலபம். நேரில் போகாமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

அதனால் நீங்களும் மனசுக்குள் முடித்துவிடாதீர்கள். "பெரியவர் போயிருப்பார்" என்று இரக்கப்பட்டு என்னை அந்தக் கதவுக்குள் தள்ளிவிடாதீர்கள். அது ஜலஜாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அந்தத் திங்கட்கிழமை போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால் என்னைக் கேட்காதீர்கள், நான் மாற்றிச் சொல்லுவேன். நாச்சாரத்துக்குப் போங்கள். கேட்டில் விசாரித்தால் உள்ளே விடுவார்கள். மூட்டை பிரிக்கிற இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.